பீரங்கி வெடித்ததும் பருப்பு

ஆயாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது பெரியத்தை தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெரியத்தை அப்பாவின் அக்கா, ஆயாவின் மூத்த மகள். தகவல் கிடைத்ததும் ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்டு, பெங்களூரில் வண்டி மாறி வந்து சேர்ந்திருந்தாள்.

"எத்தனை தசரா பாத்த கண்ணு, இப்படி மூடிக்கினு கெடக்குதே! ராசா ஊர்வலத்த வருசா வருசம் பாத்த மகராசி, இன்னிக்கி நீயே ஊர்வலம் போறியே!"

சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். "நெறஞ்ச வாழ்வு" என்றார் ஒருவர். "கல்யாணச் சாவு, அழக்கூடாது" என்றார் இன்னொருவர்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன். ஊதுவத்திப் புகை குழந்தைக்கு ஆகுமா, சாவு வீட்டில் பால் கொடுக்கலாமா, கொடுத்த பிறகு குளிக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் பயந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் அத்தையின் அந்த வரி காதில் விழுந்ததும் மற்ற பயமெல்லாம் மறந்துபோயிற்று. ஆயா தசரா ஊர்வலத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மைசூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் குடியிருந்தவள். ஊர்வலம் போகும் சயாஜி ராவ் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில்தான் எங்கள் வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் ரோட்டில் இருப்பவருக்குக் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பார்த்ததில்லை.

அதைச் சொல்வதற்கு அது இடமில்லை.

தாத்தாவுக்கு ரயில்வேயில் வேலை. மணமான புதிதில், பேச்சும் தெரியாத ஊருக்கு ஆயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய தம்பிகளும் பிறகு மாப்பிள்ளைகளும் மகன்களும் ரயில்வேயில் சேர்ந்தார்கள். குடும்பத்தில் பாதிப் பேரிடம் இலவச ரயில் பாஸ் இருந்தது. பாஸ் இருந்தவர்களுக்கெல்லாம் மைசூரில் ஒரு வீடும் இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாளே ஹோல்டாலும் கூஜாவுமாக வந்து இறங்குவார்கள். கூடத்திலும் மாடிப்படியிலும் நடையிலும் பாய் விரித்திருக்கும். விஜயதசமி மதியம் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு, ரோட்டில் இடம் பிடிக்கக் கூட்டமாகக் கிளம்புவார்கள். நானும் சின்ன வயதில் சித்தப்பாவின் தோளில் உட்கார்ந்து அப்படித்தான் போனேன். வீட்டில் யார் மிச்சம் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. குழந்தைகள் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பெரியவர்களும் பார்க்கவில்லை.

நான் பெரியவளான பிறகு ஒரு வருஷம், சரியாக விஜயதசமியன்று, வீட்டுக்கு விலக்காகிப் பின்கட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது. ஊர்வலம் போயிற்றே என்று அழுதுகொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு வீடு அமைதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஆயா பெரிய விறகடுப்பை மூட்டினாள். அம்மா ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து உளுந்து ஆட்டினாள்.

"ஆயா, நீ போகலையா?"

"எங்கே?"

"ஊர்வலத்துக்கு."

"நான் போயிட்டா யானைங்களுக்கு யாருடி சோறாக்கறது?" என்றாள். வீட்டுக்கு வந்திருந்த கூட்டத்தைத்தான் யானைகள் என்றாள். அம்மா ஆட்டுக்கல்லைப் பார்த்தபடியே சிரித்தாள்.

அப்போது அரண்மனைப் பக்கம் பீரங்கி வெடித்தது. சட்டிகள் லேசாக அதிர்ந்தன.

"ஆச்சு. பருப்பப் போடு" என்றாள் ஆயா.

அவளுடைய கடிகாரம் அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பீரங்கி வெடித்தால் பருப்பு. போலீஸ் பேண்டு சந்து முனைக்கு வந்தால் காய் தாளிக்க வேண்டும். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் அப்பளத்துக்கு எண்ணெய் எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் முடிந்து கூட்டம் பசியோடு திரும்பும்போது சோறு ஆவி பறக்க இருக்க வேண்டும். ஆறின சோற்றைப் போட்டால் மாப்பிள்ளைகள் முகம் தூக்குவார்கள்.

"ஒட்டகம் போவுது" என்றாள் ஒரு நேரம்.

"அது சத்தமே போடாதே ஆயா, எப்படித் தெரியும்?"

"சனங்க சிரிக்கறாங்க பாரு. ஒட்டகத்தப் பாத்தாத்தான் அப்படிச் சிரிப்பாங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியோடு அப்படியே நின்றாள். வெளியே ஏதோ அடங்கினாற்போல இருந்தது. பிறகு சந்து வழியாக ஒரு பெரிய இரைச்சல் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மூச்சாகச் சத்தம் போட்டது, காற்று மாதிரி வந்து அடுப்படியில் விழுந்தது.

"அம்பாரி" என்றாள் ஆயா. "அரிசியப் போடு."

சாயங்காலம் கூட்டம் திரும்பியது. ஆண்கள் விஜயதசமி வழக்கப்படி வன்னி இலை கொண்டுவந்து ஆயாவின் கையில் கொடுத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கஞ்சித் தண்ணீர் சொட்டும் கையில் இலைகளை வாங்கி, "நல்லாயிரு, நல்லாயிரு" என்று சொல்லி, உப்பு ஜாடி பக்கத்தில் போட்டுவிட்டுச் சாப்பாட்டு இலை போடப் போனாள். அவளுக்குக் கிடைத்த தசரா அவ்வளவுதான்.

ஆயாவை ஏமாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவள் அப்படி இல்லை. தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டே கன்னடம் கற்றுக்கொண்டவள். பெற்ற பிள்ளைகளில் சிலரை மண்ணுக்குக் கொடுத்தவள். அவர்களைப் பற்றிப் பேசமாட்டாள். என்னைப் பள்ளியோடு நிறுத்திவிடலாம் என்று அப்பா யோசித்தபோது, "நீ அவளுக்கு மாப்பிள்ள பாக்கற வரைக்கும் அவ என்ன, வெட்டியாவா உக்காந்திருப்பா? காலேஜுல போயி உக்காரட்டும்" என்று சொல்லி முடித்துவிட்டாள். நான் பி.ஏ. படித்தது அந்த ஒரு வாக்கியத்தால். என் குழந்தை பிறந்து இரவும் பகலும் அழுதபோது, நான் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நடுங்குவேன். ஆயா வசம்பைச் சுட்டு உரசிக்கொண்டே, "பொஸ்தகத்துல உம் பொண்ணு பேரு போட்டிருக்குதா? இல்லல்ல? அப்ப அது வேற யாரோ பிள்ளைக்கி எழுதனது" என்பாள். ஊரில் யாருக்கும் பதில் சொல்லத் தெரிந்தவள். விஜயதசமியன்று மட்டும் அடுப்படியை விட்டு நகரமாட்டாள்.

எனக்குக் கல்யாணமானதும் மைசூரிலேயே, பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில்தான் வீடு. ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பேர் மாறியிருந்தது. யானை மேல் தங்க அம்பாரியில் மகாராஜா வருவது நின்று, சாமுண்டி அம்மனை வைத்துக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள். குழந்தை பிறந்த அந்த வருஷம் என் கணவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சயாஜி ராவ் ரோட்டிலேயே மாடி வீட்டில் குடியிருந்தது. தெருவைப் பார்த்த பால்கனி. அந்த வீட்டு அம்மாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அய்யோ, அஜ்ஜின கர்க்கொண்டு பன்னி" என்றாள் உடனே, பாட்டியைக் கூட்டி வா என்று. ஒரு நாற்காலி போட்டு வைப்பதாகவும் சொன்னாள்.

ஆயாவிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள்.

"ராசா போறப்பவே பாக்கல. இனிமே பாத்து இன்னா ஆகப்போவுது?"

"அம்மன் போறா ஆயா. சாமி கும்பிட்டதா இருக்கட்டும்."

"சாமிக்கி இருக்கற எடத்துலயே கும்புடு போடலாம்."

நான் எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாக்காலிக்கிக் கை இருக்குமா?"

"ஏன்?"

"கை இல்லாத நாக்காலியில எனக்கு உக்கார வராது. எழுந்திருக்கறதுக்குப் புடிமானம் வேணும்."

அந்த அம்மாளிடம் மறுபடி போய்க் கேட்டு, கை வைத்த நாற்காலி என்று உறுதி செய்துகொண்டேன். இப்போது யோசித்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆசையே இல்லாமல் இருந்தவளுக்கு நான்தான் ஆசையைக் கிளப்பிவிட்டேனோ? சத்தத்தை வைத்தே அவள் ஒரு ஊர்வலம் நடத்திக்கொண்டிருந்தாளே, அது போதுமாக இருந்ததோ என்னவோ.

அந்த விஜயதசமிக்கு நானும் அம்மாவும் முன்பே திட்டம் போட்டோம். காலையிலேயே புளிசாதமும் தயிர்சாதமும் வடையும் செய்து மூடி வைத்துவிட்டால், திரும்பி வருகிறவர்கள் போட்டுக்கொண்டு சாப்பிடட்டும். விடியுமுன் எழுந்து முடித்தோம். ஆயா குளித்து, அப்பா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சந்தன நிறக் கொள்ளேகால் பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். தாத்தா போன பிறகு அவள் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. நடையில் இருந்த பெஞ்சில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நீயும் நானும் யானை பாக்கப் போறோம்டி, உனக்கும் மொதல் தடவ, எனக்கும் மொதல் தடவ" என்றாள்.

வாசலில் ஜட்கா வந்து நின்றது. சித்தப்பாவின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் வந்து இறங்கினார்கள். மாமனார், மாமியார், கூட இன்னும் சிலர். வருவதாகச் சொல்லவில்லை. சித்தப்பா கைகூப்பி அவர்களை உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நடைக்கு வந்தார்.

"அம்மா, சம்பந்தி வீட்டுக்காரங்க மொத தடவையா வர்றாங்க. புளிசோறா போடறது?"

ஆயா குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"நம்ம பொண்ண நாளைக்கி அங்க சொல்லிக் காட்ட மாட்டாங்களா?"

"சித்தப்பா, இன்னைக்கு ஆயா..." என்று ஆரம்பித்தேன். கூடத்திலிருந்து அப்பா, "நீ உள்ளே போ. பெரியவங்க பேசறப்போ குறுக்க வராதே" என்றார்.

ஆயா குழந்தையை என் கையில் கொடுத்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உள்ளே போய்ப் பழைய நூல் புடவையோடு வந்தாள். "கண்ணு, பட்ட மடிச்சு வெச்சுடு. கசங்கல, தோய்க்க வாணாம்" என்றாள்.

பெரியத்தை தலைவாரிக்கொண்டே கேட்டாள்: "அப்ப அந்த நாக்காலி சும்மாதான இருக்கும்? சம்பந்தியம்மாவுக்கு முட்டிவலி. பாவம், எவ்வளவு நேரம் ரோட்டுல நிப்பாங்க?"

அந்த வீடு எனக்குத்தான் தெரியும். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சம்பந்தியம்மாள் கை வைத்த நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டு ஊர்வலத்தைப் பார்த்தார். அம்பாரி கண்ணுக்கு நேரே வந்தபோது, "எங்க ஊரு தேரு இதவிட உசரம்" என்றார். நான் பக்கத்தில் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன். அடுப்படியில் இந்நேரம் அரிசி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆயா கேட்டாள்: "அந்தம்மாவுக்கு நல்லா தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது ஆயா."

"நாக்காலிக்கிக் கை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சரி" என்றாள்.

அடுத்த வருஷம் மகாளய அமாவாசை வருவதற்கு முன்பே போய்விட்டாள். முந்தின நாள் வரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கருமாதிக்கு எல்லோரும் திரும்ப வந்தார்கள். வழக்கமாக வருகிற அதே கூட்டம், அதே ஹோல்டால்கள். காரியம் முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோது சித்தப்பா சொன்னார்: "விஜயதசமி இந்த வாரத்துலதான வருது? இப்ப போயிட்டா இனி அடுத்த வருசம்தான். இருந்து பாத்துட்டே போலாமே."

"துக்க வீட்டுல..." என்று அம்மா மெதுவாக இழுத்தாள்.

"தீட்டுதான் கழிஞ்சிடுச்சே அண்ணி. நாம என்ன கொலுவா வைக்கப் போறோம்? ரோட்டுல போற யானையப் பாக்கறதுக்கு என்ன தீட்டு?"

"அம்மாவுக்குத் தசரான்னா உசுரு" என்று பெரியத்தை கண்ணைத் துடைத்தாள். "நாம பாக்காம போனா அதுக்கே மனசு ஆறாது."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்காரி, கூட்டத்துல எங்க போயி அவதிப்படுவே?" என்றாள் பெரியத்தை. "நீ இங்கயே இரும்மா, உங்கம்மாவுக்குக் கூடமாட. ஆயா கையில வளந்தவ. அதோட ரசம் உங்கைக்குத்தான் வரும்."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். கூட்டத்தில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கும் நிஜமாகவே இருந்தது. எது பயம், எது கடமை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிவதில்லை.

விஜயதசமி மதியம் வீடு காலியாயிற்று. அம்மா அடுப்பை மூட்டினாள். நான் காய் நறுக்கி வைத்தேன். பீரங்கி வெடித்தது. குழந்தை தூக்கிவாரிப்போட்டு அழுதது. அதைத் தூக்கப் போனபோதுதான் என் கையைப் பார்த்தேன். கை நிறையத் துவரம்பருப்பு. டப்பாவை எப்போது திறந்தேன் என்றே தெரியவில்லை.

பருப்பை டப்பாவிலேயே கொட்டினேன்.

"அம்மா, குழந்தைய எடுத்துக்கிட்டு முனை வரைக்கும் போயிட்டு வரேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "வெயிலா இருக்கு. அதுக்குத் தலையில ஏதாவது போடு" என்று சொல்லிவிட்டு, பருப்பு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சந்து முனையில் மூச்சுவிட இடமில்லை. எனக்கு முன்னால் முதுகுகள் மட்டும்தான். ஒரு கிழவர் குழந்தையைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து ஒரு கல்லின் மேல் என்னை ஏறி நிற்க விட்டார். பேண்டு போயிற்று. குதிரைகள் போயின. ஜனங்கள் சிரித்தார்கள், ஒட்டகம் என்று தெரிந்துகொண்டேன். நெரிசலில் விழுந்துவிடுவேனோ, குழந்தைக்கு வெயில் தாங்குமோ, அம்மா தனியாகப் பெரிய தவலையை இறக்குவாளோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று எல்லாம் அடங்கியது. பிறகு அந்த இரைச்சல் எழுந்தது.

அரிசி போட வேண்டுமே என்று திரும்பி வீட்டைப் பார்த்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அதற்குள் முன்னால் இருந்தவர்கள் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். மறுபடி நான் எட்டிப் பார்த்தபோது யானை தாண்டிப் போய்விட்டது. அதன் பின்புறமும் வாலும் தெரிந்தன. அம்பாரியின் தங்க முதுகு வெயிலில் ஒரு நொடி கண்ணைக் கூசவைத்தது.

வீட்டுக்கு வந்தபோது சோறு வெந்திருந்தது. அம்மா வடித்துக்கொண்டிருந்தாள். நான் போனதால் எதுவும் நின்றுபோகவில்லை.

கூட்டம் திரும்பியது. இலை போட்டோம். ரசம் ஆயா வைத்தது மாதிரியே இருக்கிறது என்றார்கள். அது அம்மா வைத்தது. பெரியத்தை இலையின் முன் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தாள்: "இந்நேரம் அம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசமா பாத்துட்டு வந்திருக்கும்!"

என்னால் அடக்க முடியவில்லை. "அத்தை, ஆயா ஒரு தசராகூடப் பாத்ததில்ல" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"இன்னாடி உளர்றே?"

"ஒரு வருஷம்கூட வந்ததில்ல. நாமெல்லாம் போறப்போ ஆயா இங்க சோறாக்கிட்டு இருந்தாங்க."

சித்தப்பா சிரித்துவிட்டார். "பாப்பா, துக்கத்துல உனக்கு ஞாபகம் தப்புது. போன வருசம் நீதானம்மா கூட்டிட்டுப் போனே? யாரோ தெரிஞ்சவங்க மாடியில நாற்காலி போட்டு வெச்சியே. கை வெச்ச நாற்காலி. ஊரே பேசுச்சே, பேத்தின்னா இப்படி இருக்கணும்னு."

"ஆமா ஆமா" என்றாள் பெரியத்தை. "பட்டுப்பொடவ கட்டிக்கினு, புதுப்பொண்ணு கணக்கா பெஞ்சில உக்காந்திருந்துச்சே. என் கண்ணுலயே நிக்குது."

"அதுல உக்காந்தது சம்பந்தியம்மா, அத்தை."

"அவங்களும் கூட வந்திருப்பாங்க" என்றார் அப்பா. "சாப்பிடு, சாப்பிடு" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அத்தனை வருஷமும் அந்த அடுப்படியில் ஆயாவோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். "அம்மா, நீங்க சொல்லுங்க" என்றேன்.

அம்மா ரசச் சட்டியோடு பந்தியின் நடுவில் நின்றிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பாத்தாங்க அண்ணி, நல்லா பாத்தாங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?"

பெரியத்தை குழித்த கையை நீட்டினாள். பேச்சு வேறு எங்கோ போயிற்று.

எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபம் அவர்கள் யார் மேலும் வரவில்லை. அவர்களெல்லாம் கூடத்தில் பாய் விரித்துச் சாய்ந்த பிறகு, பேசக்கூடாது என்ற முடிவோடு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். குழந்தை என் தோளிலேயே தூங்கியிருந்தது. அம்மா குந்தி உட்கார்ந்து தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை வேலையை விடாமல், தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அம்பாரி நல்லா தெரிஞ்சுதா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவள் குரலில் இருந்த கூச்சத்தைக் கேட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. ஆயாவுக்காக இத்தனை காலம் வருத்தப்பட்ட நான், ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி ஒரு தடவையும் யோசித்திருக்கவில்லை.

"இல்லம்மா. பின்பக்கம்தான் தெரிஞ்சுது."

"அப்படியா" என்றாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். "யானை ரொம்ப உசரமா?"

"உசரம்தான்."

அம்மா தவலையைக் கவிழ்த்து, அதன் மேல் தண்ணீர் ஊற்றினாள்.